உப்புச் சர்க்கரைக் கூடை இன்னும் இங்கேதான் இருக்கிறது

கண்ணு,

"அவங்ககிட்ட அப்படி என்னதாம்மா சொன்னே?" என்று நேற்றுப் போனில் திரும்பத் திரும்பக் கேட்டாய். நான் முருங்கைக்காய் விலையைப் பேசி மழுப்பிவிட்டேன். பக்கத்தில் உன் அப்பா உட்கார்ந்திருந்தார். மாந்தோப்புக்கு மருந்தடிக்க வந்த ஆட்கள் காபிக்காகக் காத்து நின்றார்கள். அவர்கள் முன்னால் சொல்லக்கூடிய விஷயமில்லை அது. ஏன் என்று பின்னால் உனக்கே புரியும். உன் அப்பா தன் பங்குக்கு, "உங்கம்மா வாயாலதான் எல்லாங் கெட்டுது" என்று சொல்லியிருப்பார். கார்த்தி வேறு மாதிரி சொல்லியிருப்பான். என் பக்கத்தையும் கேட்டுவிட்டு நீ ஒரு முடிவுக்கு வா. போனில் பேசினால் நமக்குள் கடைசியில் சண்டையில்தான் முடிகிறது. எழுதினால் உன்னால் குறுக்கே பேச முடியாது. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

கார்த்தியைக் கட்டிக்கொள்வதா, அதற்காக அணுமின் நிலையத்து வேலையை விடுவதா, வேலைதான் என்றால் இந்தச் சம்பந்தமே வேண்டாம் என்று சொல்லிவிடுவதா என்று நீ அங்கே குவார்ட்டர்ஸில் தனியாக உட்கார்ந்து மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறாய். உன்னைக் கேட்காமலே இங்கே உன் வேலையைப் பற்றிப் பேச்சு நடந்துவிட்டது என்ற வருத்தமும் உனக்கு உண்டு. நடந்தது உண்மைதான். உலையை நிறுத்தி மராமத்துப் பார்க்கிற சமயம், லீவு கிடையாது என்றாய். நிச்சயத்துக்கு உப்புச் சர்க்கரை மாற்றுவதற்குப் பெண் இருந்துதான் ஆகவேண்டும் என்றில்லை என்று உன் அப்பா சொன்னார். நீயும் சிரித்துக்கொண்டே, "உங்க உப்பையும் சக்கரையையும் நீங்களே மாத்திக்குங்க" என்றாய். அந்தச் சிரிப்புதான் எனக்கு இப்போது உறுத்துகிறது. உனக்கு அது இரண்டு கூடைப் பண்டம். எங்களுக்கு அப்படி இல்லை. அவர்கள் கூடை நம் கைக்கு வந்து, நம் கூடை அவர்கள் கைக்குப் போய்விட்டால் பேச்சு முடிந்தது. பிறகு அதை யாரும் மாற்றிப் பேசுவதில்லை.

கார்த்தி வீட்டார் உடுமலையிலிருந்து காலையிலேயே வந்துவிட்டார்கள். ஏழு பேர், ஒரே வண்டி. கார்த்திக்கு அப்பா இல்லை என்று உனக்குத் தெரியும். அவனுடைய தாய்மாமன்தான் படிக்கவைத்து ஆளாக்கியவர், எல்லாப் பேச்சும் அவருடையதுதான். வண்டியும் அவருடையது. புது எலெக்ட்ரிக் வண்டி. வாசலில் வந்து நின்ற சத்தமே கேட்கவில்லை. நம் நாய்கூட எல்லோரும் இறங்கிய பிறகுதான் குரைத்தது. "பொகை இல்லீங்க, சத்தமில்லீங்க, பெட்ரோல் பங்குப் பக்கமே போறதில்லீங்க" என்று மனிதர் பெண் வீட்டைப் பார்ப்பதற்கு முன்னால் வண்டியைச் சுற்றிக் காட்டினார். முந்தின நாள் பழனிக்குப் போய்வந்து, வீட்டில் சார்ஜ் போட மறந்து, வந்த இடத்தில் போட்டுக்கொள்ளலாம் என்று வந்திருக்கிறார். உன் அப்பாவுக்கு இதெல்லாம் பெருமை. சமையலறையில் இருக்கிற ஒரே பவர் பிளக்கில் மாட்டி, ஜன்னல் வழியாக வயரை வெளியே விட்டுக் கொடுத்தார். மோட்டார் ரூமில் மாட்டலாமே என்றேன். அது சோலார் லைன், வண்டிக்கு ஆகாது என்றார். காலை வேளையில் என் சமையலறையில் வயர் தொங்குவது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் வந்தவர்கள் முன்னால் என்ன சொல்வது?

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உளுந்து ஆட்டவேண்டியிருந்தது. நம் பழைய பெரிய கிரைண்டர் அந்த ஒரு பிளக்கில்தான் ஓடும். வண்டி வயரைப் பிடுங்கிவிட்டு கிரைண்டரைப் போட்டேன். மாவு எடுத்ததும் திருப்பி மாட்டவேண்டும் என்று நினைத்தேன். வடைக்கு எண்ணெய் காய்ந்தது, பாயசம் அடிபிடிக்கப் பார்த்தது, அடியோடு மறந்துபோனேன். நான் வேண்டுமென்றே செய்தேன் என்று உன் அப்பா இன்றுவரை நம்புகிறார். மறந்துபோனேன் என்றால் நீயும் நம்பமாட்டாய். போகட்டும், வேண்டுமென்றே செய்ததாகவே வைத்துக்கொள்ளுங்கள். அதனால் நடந்தது நல்லதுதான்.

நல்ல நேரம் வரும்வரை கூடத்தில் கரண்டுப் பேச்சுதான். பெண்ணைப் பற்றிப் பேச வந்தவர்கள் உலகத்துக் கரண்டையெல்லாம் பேசினார்கள். கார்த்தியின் மாமனுக்கு உடுமலைப் பக்கம் காட்டில் கரண்டு எடுக்கிற காத்தாடி நிற்கிறது. ஆடியில் அது சுற்றுகிற சுற்றுக்கு ஊருக்கே வெளிச்சம் போடலாம், காற்று இருக்கும்போது அணு எதற்கு, நிலக்கரி எதற்கு என்றார். உன் அப்பா விடுவாரா? கூரை முழுக்கத் தகடு போட்டு மோட்டார் ஓட்டுகிறவர் அல்லவா. வெயிலைப்போல உண்டா, இந்த வெயில் பாலக்காட்டுக்கு வரமாக வந்தது என்றார். கூட வந்திருந்த பெரியவர் ஒருவர், உங்கள் கேரளாவுக்கென்ன, இடுக்கியில் மலைமேல் தண்ணீரைக் கட்டி வைத்துக்கொண்டு கரண்டு எடுக்கிறீர்கள் என்றார். மழை பொய்த்த வருடம் எப்படி இருந்தது என்று எங்களுக்குத்தான் தெரியும் என்றார் உன் அப்பா. நான் கதவருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அவரவர் தோட்டத்தில் எது நிற்கிறதோ அதற்குத்தான் அவரவர் வக்காலத்து வாங்குகிறார்கள் என்று தோன்றியது. எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "ஆடியில சுத்துறது சரிங்க. இப்பக் கார்த்திகையாச்சு, உங்க காத்தாடி சுத்துதுங்களா?" என்று கேட்டேன். கார்த்தி சிரித்துவிட்டான். காத்தாடிக் கம்பெனியில் வேலை பார்க்கிறவன், அவனுக்குத் தெரியாதா? மாமன் சிரிக்கவில்லை. சாயங்காலம் எல்லோரும் வேலைவிட்டு வந்து லைட்டும் டிவியும் போட்டு, இந்த மாதிரி வண்டிக்கும் ஒரே நேரத்தில் வயரை மாட்டினால் வெயிலும் இருக்காது, காற்றும் இருக்காது, டிரான்ஸ்பார்மர்தான் வெடிக்கும் என்றும் சொல்லிவைத்தேன். சொன்ன பிறகுதான் அது நீ சொன்ன பேச்சு என்று உறைத்தது. போன பொங்கலுக்கு வந்தபோது உன் அப்பாவோடு நீ போட்ட சண்டையில் சொன்னது. நான் அப்போது அடுப்படியில் பாத்திரத்தை உருட்டிக்கொண்டிருந்தேன். நான் எதையும் காதில் வாங்கவில்லை என்று நினைத்திருப்பாய்.

நேரம் வந்தது. பாய் விரித்து, விளக்கேற்றி, இரண்டு கூடையும் நடுவில் வந்துவிட்டது. கார்த்தியின் அம்மா தங்கள் கூடையின்மேல் கை வைத்தார், நான் நம்முடையதன்மேல் வைத்தேன். அப்போதுதான் மாமன் தொண்டையைச் செருமினார். "புள்ளை தங்கமான புள்ளைங்க, அதுல கொறையில்லீங்க. ஆனா அந்த அணு வேலை மட்டும் வேண்டாமுங்க. கல்யாணத்துக்கு முன்னாலயே எழுதிக் குடுத்துட்டு வந்தரட்டும். நாளைக்கு வயித்துல ஒண்ணு தங்கோணுமல்லங்க?" என்றார். மிரட்டலாகச் சொல்லவில்லை; பண்டிகைக்கு என்ன சீர் செய்வீர்கள் என்று கேட்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னார். உன் அப்பா தலையை ஆட்டிக்கொண்டே என்னைப் பார்த்தார். அவர் ஆட்டியது சம்மதம் என்றா, யோசிக்கலாம் என்றா என்று அவருக்கே தெரியாது. நான் கார்த்தியைப் பார்த்தேன். அவன் பாயில் இருந்த கோட்டை விரலால் தடவிக்கொண்டிருந்தான்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது, கண்ணு. ஏன் என்று உனக்குத் தெரியும். அது என் வார்த்தை. வேலைக்கு உத்தரவு வந்த அன்றைக்கு இதே கூடத்தில் நின்று நான் உன்னிடம் சொன்ன அதே வார்த்தை. "அங்க போனீன்னா நாளைக்கு வயித்துல ஒண்ணு தங்குமாடி" என்று கேட்டேன். நீ பெட்டியை எடுத்துக்கொண்டு பொள்ளாச்சி பஸ் ஏறினாய், திரும்பிப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு நீ எத்தனையோ தடவை கூப்பிட்டும் நான் உன் குவார்ட்டர்ஸுக்கு வந்ததில்லை. ஒரு வருடம் தோப்பில் பூ என்றேன், ஒரு வருடம் காய் என்றேன், காயும் பூவும் இல்லாத மாதத்தில் முழங்கால் வலி என்றேன். உண்மையில் அந்த இடத்தைக் கண்ணால் பார்க்கப் பயம். நான் பெற்ற பெண்ணிடம் நான் சொன்னது வேறு. அதையே முன்பின் தெரியாத ஒரு மனிதர் என் வீட்டுப் பாயில் உட்கார்ந்து, கூடைக்கு விலை மாதிரிச் சொன்னபோது என்னால் தாங்க முடியவில்லை. நம் கூடையை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். "வேலைய உட்டாத்தான்னா இதுல ஒண்ணும் மாத்தறதுக்கில்லீங்க. அவகிட்டக் கேக்காம நான் அவளுக்கு எழுதிக் குடுக்க முடியாதுங்க" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். குரலைக்கூட உயர்த்தவில்லை.

மாமன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார். மற்றவர்களும் எழுந்தார்கள். விறுவிறுவென்று வாசலுக்குப் போய் வண்டியில் ஏறினார்கள். ஏறியவர்கள் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். வண்டி நகரவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கார்த்தி இறங்கி, வயரைப் பிடித்துக்கொண்டே ஜன்னல் வரைக்கும் வந்து, என் கிரைண்டரைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். வயரை எடுத்துத் தானே மாட்டினான். வந்தபோது எவ்வளவு சார்ஜ் இருந்ததோ அவ்வளவுதான் இருக்கிறது, கோவிந்தாபுரம்கூடத் தாண்டாது, பொள்ளாச்சி போகிற அளவுக்கு ஏறவே இரண்டு மூன்று மணி நேரம் ஆகும் என்று அவன் மாமனிடம் சொன்னது எனக்குக் கேட்டது. வாடகைக்கு ஒரு வண்டி பிடிக்கலாமா என்றார் பெரியவர். வண்டியை இங்கே விட்டுவிட்டுப் போனால், எடுக்க மறுபடி இதே வாசலுக்குத்தானே வரவேண்டும்? மாமனுக்கு அது ஆகவில்லை. ஆக, சம்பந்தம் வேண்டாம் என்று கோபித்துக்கொண்டு எழுந்த ஏழு பேரும் நம் வீட்டுக்குள்ளேயே திரும்பி வந்து உட்கார்ந்தார்கள்.

உள்ளே பந்திக்கு இலை போட்டாயிற்று. வடை, பாயசம், பச்சைப்புளி ரசம், அவியல் எல்லாம் ஆறிக்கொண்டிருந்தது. சாப்பிட வாங்க என்று உன் அப்பா ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். பேச்சு முடியாத வீட்டில் கை நனைக்க மாட்டார்கள் என்று தெரிந்தும் கூப்பிட்டார். "பரவாயில்லீங்க, பசியில்லீங்க" என்றார்கள். காலையில் எப்போது சாப்பிட்டுக் கிளம்பினார்களோ, பாவம். தண்ணீர்கூட வேண்டாம் என்றுவிட்டார் மாமன். வடை வாசனை கூடத்தில் நிற்க, அவர் காலண்டரில் ஒவ்வொரு தேதியாகப் படித்துக்கொண்டிருந்தார். எனக்குக் கோபம் ஒரு பக்கம், சிரிப்பு ஒரு பக்கம். அங்கே நின்றால் சிரித்துவிடுவேன் என்று கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு கிணற்றடிக்குப் போய்விட்டேன்.

கார்த்தியின் அம்மா என் பின்னாலேயே வந்தார். கிணற்றடி வரிசை மாமரங்கள் எல்லாம் இந்த வருடம் நல்ல பூ. கிழக்குக் காற்று அடிக்க ஆரம்பித்துவிட்டது, கீழே பொன்பொடி மாதிரி உதிர்ந்து கிடந்தது. முந்தின நாள்தான் மருந்தடித்திருந்தார்கள். அந்த நெடி உனக்குத் தெரியுமே, தொண்டையில் போய் உட்காரும். அந்த அம்மா முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டார். தன் மூத்த மகளுக்குக் கல்யாணமாகி இத்தனை வருடமாகியும் குழந்தை நிற்கவில்லை, ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போகிறோம் என்று மெதுவாகச் சொன்னார். தன் அண்ணன் பாயில் உட்கார்ந்து கேட்டதும் தான் கேட்கச் சொல்லித்தான் என்றும் சொன்னார். பிறகு, "ஏனுங்க, நெசமாச் சொல்லுங்க. பெத்தவ நீங்க. உங்களுக்குப் பயமே இல்லீங்களா?" என்று கேட்டார்.

"ஒண்ணும் ஆகாதுங்க" என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. நீ போனில் என்னிடம் வழக்கமாகச் சொல்வது. சொல்லியிருந்தால் காரியம் முடிந்திருக்கும், உன் அப்பாவுக்கும் சந்தோஷமாக இருந்திருக்கும். ஆனால் அந்த வார்த்தையைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது மரத்துப்போயிருக்கிறது, கண்ணு. இந்த முதலமடைக்கு நான் வாக்கப்பட்டு வந்த வருடத்திலிருந்து மருந்துக் கடைக்காரர்கள் வருகிறார்கள். பூ கொட்டாமல் இருக்க ஒன்று, பூச்சிக்கு ஒன்று, மற்ற ஊர்க் காய் வருவதற்கு முன்னால் நம் காய் வடக்கே போய்ச் சேர ஒன்று. மூக்கில் துணி கட்டவேண்டுமா என்று கேட்டால் ஒண்ணும் ஆகாது. கைப்பிள்ளையை வைத்துக்கொண்டு தோப்புக்குள் போகலாமா என்றால் ஒண்ணும் ஆகாது. பிறகு ஊரில் அங்கங்கே ஒவ்வொரு வீட்டில் ஒவ்வொன்று. அது மருந்தாலா, வேறெதனாலா, எனக்குத் தெரியாது. யாரும் நின்று கேட்டதில்லை. பெண் கேட்டு வருகிறவர்கள் காதில் விழக்கூடாது என்று நாங்களே பேச்சை அமுக்கிவிடுவோம். தோப்பு வைத்திருக்கிற எந்த வீட்டிலும் இதை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள்.

நான் சொன்னேன். நீ கேட்டது இதைத்தான், இதோ சொன்னபடியே எழுதுகிறேன். "பயந்தானுங்க. தெனமும் பயந்தானுங்க. ஆனா இவ வயித்துல இருக்கறப்ப நான் இதே மரத்தடியில மருந்துக் கலக்கிக் குடுத்துட்டு நின்னவளுங்க. அவ போற எடத்துல, உள்ள போறப்பவும் வெளிய வர்றப்பவும் கதிர்வீச்ச அளக்கறாங்களாமா, சட்டையிலயே அத அளக்கற பட்டையக் குத்திட்டுத்தான் போறாளாமா. நாங்க எங்க தோப்புல ஒரு நாளும் ஒண்ணையும் அளந்ததில்லீங்க. நீங்க கேக்கோணும்னா இதையுமல்லங்க கேட்டிருக்கோணும்" என்றேன்.

மோட்டார் ரூமுக்குப் பின்னால் உன் அப்பா நின்றிருக்கிறார். அவருக்கு எல்லாம் கேட்டிருக்கிறது. மாப்பிள்ளை வீட்டாரிடம் போய் எவளாவது இதைச் சொல்லுவாளா என்று அன்றிலிருந்து என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அந்த அம்மா உதிர்ந்த பூவைக் காலால் ஒதுக்கினார். "அப்பறம் புள்ளை பொறந்துச்சுங்களா, நல்லபடியா?" என்று கேட்டார். உன்னைத்தான் கேட்கிறார், உன் போட்டோவை வீட்டில் வாங்கி வைத்துக்கொண்டு. நல்லபடியாகத்தான் பிறந்தாள், ஆனால் பிறந்து அவள் விரலெல்லாம் எண்ணிப் பார்க்கிற வரைக்கும் எனக்குத் தூக்கம் கிடையாது என்றேன். அதைச் சொல்லும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த அம்மாவுக்கும் வந்துவிட்டது. இரண்டு பேரும் மருந்து நெடியில் மூக்கை மூடிக்கொண்டு அழுதோம். யாராவது பார்த்திருந்தால் நெடிக்குத்தான் என்று நினைத்திருப்பார்கள்.

பிறகு அவர் கிணற்றுத் தொட்டியில் முகம் கழுவிக்கொண்டு உள்ளே போனார். நேராகப் பந்தியில் முதல் இலைக்கு முன்னால் உட்கார்ந்தார். "ஒரு வடை போடுங்க" என்றார். கூடத்தில் இருந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். அவர் வடையைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு, "அண்ணா, வாங்க, ஆறுது" என்றார். மாமன் காலண்டரை விட்டுத் திரும்பி வர ஒரு நிமிடம் ஆயிற்று. வந்து உட்கார்ந்த பிறகு யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. பாயசம் மட்டும் மூன்று தடவை வாங்கினார்.

அவர்கள் கிளம்பும்போது வெயில் இறங்கிவிட்டது. மாமன் தன் நிபந்தனையைத் திருப்பி வாங்கிக்கொண்டதாகச் சொல்லவில்லை, அதை நீ தெரிந்துகொள். ஆனால் கார்த்தியின் அம்மா தங்கள் கூடையை எடுக்கவில்லை. "இது இங்கயே இருக்கட்டுமுங்க. வேலையப் பத்தி நான் இனிப் பேசமாட்டேன். புள்ளை சொல்லட்டும்" என்றார். நம் கூடையைக் கொடுக்கப் போனேன். அது அவள் சொன்ன பிறகு என்று கையை எடுத்துக்கொண்டார். ஆக அவர்கள் உப்பும் சர்க்கரையும் நம்மிடம், நம்முடையதும் நம்மிடமே. இப்படி ஒரு பாதி நிச்சயம் இந்தச் சுற்றுவட்டாரத்தில் நடந்ததே இல்லை என்று உன் அப்பா தலையில் அடித்துக்கொள்கிறார்.

இனி நான் சொல்லவேண்டியதைச் சொல்கிறேன். உன் வேலைக்காக அவர்களிடம் சண்டை போட்டேன் என்பதற்காக நான் உன் கட்சிக்கு வந்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. இந்தக் கரண்டு சமாசாரத்தில் எனக்கு இன்னும் சந்தேகம்தான். ராத்திரியும் பகலும் ஒரே மாதிரி வருகிற கரண்டு வேண்டும், காற்றும் வெயிலும் மட்டும் போதாது என்கிறாய். அது புரிகிறது, கோபித்துக்கொண்டு வண்டியில் ஏறி உட்கார்ந்த ஏழு பேரைப் பார்த்தபோது நன்றாகவே புரிந்தது. ஆனால் எரித்து முடித்த பிறகு மிஞ்சுகிறதை எங்கே வைப்பீர்கள், எத்தனை தலைமுறைக்கு யார் காவல் இருப்பார்கள் என்று கேட்டால் நீ நீளமாக என்னென்னவோ சொல்கிறாய். கேட்டு முடிக்கும்போது எனக்குத் தலை வலிக்கிறதே தவிர, மனது நிறையவில்லை. உலைக்குப் பக்கத்துக் கடலில் மீன் பிடிக்கிறவர்கள் உங்களைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று நீ ஒரு நாளும் சொன்னதில்லை. நான் கேட்டுக்கொண்டேதான் இருப்பேன். உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். என்னிடம் மட்டுமில்லை, நாளைக்குக் கார்த்தியின் அம்மா கேட்டாலும் சரி, ஒண்ணும் ஆகாது என்று மட்டும் சொல்லாதே. இன்ன ஆபத்து இருக்கிறது, அதை இப்படி அளக்கிறோம், அளவு மீறினால் இப்படிச் செய்வோம் என்று சொல். நீ அந்தச் சட்டைப் பட்டையைப் பற்றி ஒரு தடவை சொன்னாயே, அந்த ஒரு பேச்சுதான் என் மனதில் நின்றது. அன்றைக்குக் கிணற்றடியில் எனக்குக் கைகொடுத்ததும் அதுதான்.

கிணற்றடி வரிசைக்கு இனி மருந்து கிடையாது என்று சொல்லிவிட்டேன். காய் பாதிதான் வரும் என்கிறார் உன் அப்பா. வரட்டும். தோப்பு முழுக்க நிறுத்த எனக்குத் தைரியம் இல்லை. இந்தக் காயில்தான் நீ படித்தாய், அடுப்பும் எரிகிறது. ஒரு வரிசைக்குத்தான் மனது வந்தது. நேற்று மருந்தடிக்க வந்தவர்களுக்கு மூக்குக்கும் கண்ணுக்கும் கவசம் வாங்கிக் கொடுத்தேன். வியர்க்கிறது என்று பாதிப் பேர் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டார்கள். நின்று திட்டிப் போடவைத்தேன்.

கார்த்தி விஷயம். அவன்மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. அத்தனை உயரத்துக் காத்தாடி மேல் ஏறி ரிப்பேர் பார்க்கிறவன், தன் மாமன் முன்னால் ஒரு வார்த்தை பேச வாய் வரவில்லை. கிளம்பும்போது என்னிடம் வந்து, "அவகிட்ட நான் பேசிக்கறேனுங்க அத்தை" என்றான். பேசவேண்டியது அவளிடம் இல்லை, உன் மாமனிடம் என்றேன். தலையைக் குனிந்துகொண்டான். கெட்ட பையன் இல்லை. வளர்த்த மனிதரை நாலு பேர் முன்னால் எதிர்த்துப் பேசுவது லேசில்லை என்று எனக்கும் தெரியும்; உன் அப்பாவின் அம்மா முன்னால் நான் எத்தனை வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். வயரை மாட்டியபோது என்னைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை. பிளக் கழன்றிருந்தது என்று மட்டும் மாமனிடம் சொன்னான். அது எனக்குப் பிடித்தது. ஆனால் அடுத்த தடவையும் பாயில் கோடு தடவிக்கொண்டிருப்பானா என்று நீ அவனிடமே கேள். கேட்டு, அவன் சொல்கிற பதில் உனக்குத் திருப்தியாக இருந்தால் மட்டும் சரி என்று சொல். நல்ல இடம், விட்டால் கிடைக்காது என்று உன் அப்பா சொல்வதைக் காதில் போட்டுக்கொள்ளாதே. என்னிடம் ஜெயித்துக் காட்டவேண்டும் என்பதற்காகவும் அந்த வேலையைக் கட்டிக்கொண்டு அழாதே. உனக்கு அந்த வேலை பிடித்திருக்கிறதா, அதுதான் கேள்வி. பிடித்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஷிப்ட் முடிந்து வந்து பேசும்போது உன் குரலிலேயே தெரிகிறது. அதை நான் ஒரு நாளும் உன்னிடம் சொன்னதில்லை, இப்போது சொல்கிறேன்.

அவர்கள் கூடை சாமி அலமாரிக்குக் கீழே இருக்கிறது. சர்க்கரைக்கு எறும்பு வருகிறது என்று தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி நடுவில் வைத்திருக்கிறேன். கிழக்குக் காற்றுக்குச் சீக்கிரம் வற்றிவிடுகிறது. காலையில் எழுந்ததும் முதல் வேலையாக அதற்குத்தான் தண்ணீர் விடுகிறேன். அவசரமில்லை, நீ நன்றாக யோசி. சரி என்றால் நம் கூடையை எடுத்துக்கொண்டு நானும் உன் அப்பாவும் உடுமலைக்குப் போவோம். வேண்டாம் என்றால் அவர்கள் கூடையை நானே கொண்டுபோய் அந்த அம்மா கையில் மரியாதையாகக் கொடுத்துவிட்டு வருகிறேன், உன்னை யாரும் ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள். இரண்டில் எதுவானாலும் உடுமலையிலிருந்து நான் முதலமடைக்குத் திரும்பப் போவதில்லை. அங்கிருந்தே உன் ஊருக்குப் பஸ் ஏறுகிறேன். பூ, காய், முழங்கால் எதையும் இந்தத் தடவை சொல்ல மாட்டேன். உன் வீட்டு ஜன்னலைத் திறந்தால் அந்த உலை தெரியும் என்று சொன்னாயே, எனக்கு அந்த ஜன்னல் பக்கம் பாயைப் போட்டு வை. பயந்துகொண்டுதான் வருவேன், ஆனால் வருவேன்.

உன் அம்மா